இல்லாதது இல்லை: ஓகி டோசென் உயர்நிலைப் பள்ளி – ஒரு நிகழ்வு ஆய்வு

ஜப்பானின் ஷிமானே மாகாணத்தைச் சேர்ந்த ஓகி தீவுக்கூட்டத்தில், டோசென் என்று அழைக்கப்படும் மூன்று தீவுகளுக்கும் சேர்த்து ஒரே ஓர் அரசு உயர்நிலைப் பள்ளிதான் இருக்கிறது. 1997இல் அந்தப் பள்ளியில் புதிதாகச் சேர்ந்தவர்கள் 77 பேர். 2008இல் 28 பேர். மூன்று ஆண்டு மாணவர்களையும் சேர்த்து எண்ணினாலும் அப்போது பள்ளியில் இருந்தவர்கள் ஏறத்தாழ 90 பேர்தான். ஆண்டுச் சேர்க்கை 21க்குக் கீழே இறங்கி அந்த நிலை தொடர்ந்தால் பள்ளியை வேறொன்றோடு இணைப்பது பற்றி முடிவெடுக்கலாம் என்பது மாகாணக் கல்வித் துறையின் அளவுகோலாக இருந்தது. இன்னும் எட்டுப் பிள்ளைகள் குறைந்தால் கதவடைப்புப் பேச்சு தொடங்கிவிடும் என்ற விளிம்பில் நின்ற அந்தப் பள்ளியில், எட்டே ஆண்டுகளில் மாணவர் எண்ணிக்கை இரு மடங்கானது. எண்ணிக்கை கூடிய கதையை மட்டும் சொன்னால், பள்ளிக்குள்ளும் தீவுக்குள்ளும் நடந்தது விடுபட்டுப்போகும். இந்தப் பள்ளி யாருடையது என்ற கேள்விக்குத் தீவு மக்கள் புதிதாக ஒரு விடை கண்டார்கள் என்பதே என் கணிப்பில் இந்த நிகழ்வின் மையம்.

இடத்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். ஓகி தீவுகள் ஜப்பான் கடலில், பெருநிலத்திலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் இருக்கின்றன. நிஷினோஷிமா, நகானோஷிமா, சிபுரி ஆகிய மூன்றும் டோசென் தீவுகள். நகானோஷிமா தீவு முழுவதும் அமா என்ற ஒரே பேரூராட்சிக்குள் அடங்கும். பள்ளி இருப்பது அமாவில், ஹிஷிஉரா துறைமுகத்துக்கு அருகே. பெருநிலத் துறைமுகங்களிலிருந்து கப்பலில் ஏறினால் வந்துசேர மூன்று மணி நேரம் ஆகும். குளிர்காலத்தில் வடமேற்குக் காற்று வீசிக் கடல் கொந்தளித்தால் கப்பலே வராது. அரசியலில் தோற்றவர்களை நாடு கடத்தும் இடமாகப் பல நூற்றாண்டுகள் இருந்த தீவுகள் இவை. 1221இல் காமகுரா ஆட்சியோடு மோதித் தோற்ற முன்னாள் பேரரசர் கோ-டோபா அமாவுக்குத்தான் அனுப்பப்பட்டார்; 1239இல் அங்கேயே இறந்தார். 1950இல் ஏறத்தாழ 7,000 பேர் வாழ்ந்த அமாவில் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் 2,500 பேர் அளவில்தான் எஞ்சியிருந்தார்கள். போருக்குப் பிந்தைய தொழில் வளர்ச்சி நகரங்களில் வேலையைப் பெருக்கியது. தீவில் கல்லூரி இல்லாததால் 18 வயதில் படிக்கப் போன பிள்ளைகள் போனவர்களாகவே இருந்துவிட்டார்கள்.

ஜப்பானில் உயர்நிலைப் பள்ளி என்பது 15 வயது முதல் 18 வயது வரையிலான மூன்றாண்டுப் படிப்பு. நம் கணக்கில் பத்து, பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகள். அது இல்லாத தீவில் பிள்ளை 18 வயதில் வெளியேறுவதற்குப் பதிலாக 15 வயதிலேயே வெளியேற வேண்டியிருக்கும். விடுதிச் செலவும் கப்பல் செலவும் பெற்றோர் தலையில் விழும். இரண்டு மூன்று பிள்ளைகள் உள்ள குடும்பம், ஒவ்வொரு பிள்ளையாக அனுப்பிச் செலவழிப்பதைவிடக் குடும்பத்தோடு பெருநிலத்துக்குப் பெயர்ந்துவிடலாம் என்று எண்ணுவது இயல்பு. அந்தக் குடும்பத்தின் சின்னப் பிள்ளைகள் போனால் தொடக்கப் பள்ளி சுருங்கும். மீன்பிடிக்கவும் வயலில் இறங்கவும் ஆள் குறையும். வெளியிலிருந்து வந்து குடியேற நினைக்கும் இளம் குடும்பமும் தயங்கும். ஆக, 90 பேர் படிக்கும் பள்ளியின் மூடல் என்பது தீவின் அடுத்த தலைமுறை முழுவதையும் பிடுங்கி எடுக்கும் செயலாகிவிடும். அமாவில் இதை முதலில் உணர்ந்தவர்கள் உள்ளாட்சியினர். காரணம் எளிது: மக்கள்தொகைக் கணக்கு அவர்கள் மேசைமேல்தான் இருந்தது.

ஆனால் பள்ளி அவர்களுடையதாக இல்லை. தொடக்கப் பள்ளியும் நடுநிலைப் பள்ளியும் உள்ளாட்சியின் பொறுப்பு. உயர்நிலைப் பள்ளி மாகாணத்தின் பொறுப்பு. தலைமையாசிரியரும் ஆசிரியர்களும் மாகாணத்தால் அமர்த்தப்பட்டு, சில ஆண்டுகள் பணியாற்றிவிட்டு மாறுதலில் போகிறவர்கள். மாகாணத்தின் பார்வையில் அது பட்டியலின் கடைசியில் இருக்கும் சிறிய பள்ளி. ஆசிரியருக்கு அது தீவுப் பணிக்காலம். ஊராருக்கோ, 'அது மேலிடத்துப் பள்ளி, நாம் சொல்ல என்ன இருக்கிறது' என்ற நிலை. எல்லாரும் மதித்த அந்தப் பள்ளியைத் தம்முடையது என்று சொல்லிக்கொள்ள ஒருவரும் இல்லை.

சேர்க்கை சரிந்ததற்குப் பிறப்பு விகிதம் மட்டும் காரணமன்று. அந்த ஆண்டுகளில் மூன்று தீவுகளின் நடுநிலைப் பள்ளிகளில் படிப்பை முடித்த பிள்ளைகளில் ஏறத்தாழப் பாதிப்பேர் உள்ளூர் உயர்நிலைப் பள்ளியை விட்டுவிட்டு வெளியூருக்குப் போனார்கள். அதற்குப் பின்னால் ஒரு சுழல் இருந்தது. வகுப்புப் பிரிவுகளின் எண்ணிக்கையைப் பொறுத்துத்தான் ஆசிரியர் பணியிடங்கள் ஒதுக்கப்படுகின்றன. ஒரு பிரிவுக்கு 40 பேர் என்பது விதி. ஆண்டுக்கு ஒரே பிரிவு என்று சுருங்கிய பள்ளியில் இயற்பியல் போன்ற பாடங்களுக்குத் தனி ஆசிரியர் கிடைப்பது அரிதாகும். குழு விளையாட்டுக்கு அணி சேராது. நல்ல பல்கலைக்கழகத்துக்குப் போக விரும்பும் பிள்ளையும், விளையாட்டில் முன்னேற விரும்பும் பிள்ளையும் 15 வயதிலேயே கப்பலேறுவார்கள். அவர்கள் போனதும் எண்ணிக்கை மேலும் குறையும். ஆசிரியர் மேலும் குறைவார்கள்.

இதைவிடக் கண்ணுக்குத் தெரியாத குறை ஒன்று உண்டு. மழலையர் வகுப்பு முதல் அதே இருபது முப்பது முகங்கள். யார் ஓடுவதில் கெட்டிக்காரர், யார் பேசமாட்டார், யார் சொல்வதை மற்றவர் கேட்பார் என்பதெல்லாம் ஆறு வயதிலேயே தீர்மானிக்கப்பட்டுவிடும்; 17 வயதிலும் அந்தச் சட்டை கழற்ற முடியாததாக இருக்கும். சிறிய ஊரில் படித்தவர்களுக்கு இது புரியும். ஒருவரை ஒருவர் நன்கு அறிந்திருப்பது பெரும் பேறு. ஆனால் வேறொருவராக மாறிப் பார்க்க இடம் கிடைக்காமல் போவதும் அதனால்தான். பின்னாளில் வெளியூர் மாணவர்களை அழைத்ததற்கு எண்ணிக்கைக் காரணத்தோடு இந்தக் காரணமும் வெளிப்படையாகவே சொல்லப்பட்டது.

அமாவின் பேரூராட்சித் தலைவராக 2002இல் தேர்ந்தெடுக்கப்பட்டவர் யாமாஉச்சி மிச்சியோ. சாலையும் துறைமுகமும் கட்டிக்கட்டியே சேர்ந்த கடன் அப்போது 1,000 கோடி யென்னைத் தாண்டியிருந்தது. அவர் தம் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டார். 2005இல் அது பாதியானது. ஊழியர்களும் தாமாக முன்வந்து சம்பளக் குறைப்பை ஏற்றார்கள். மிச்சமான பணத்தில் ஒரு பகுதி குழந்தை வளர்ப்புக்கான உதவிக்குப் போனது. பிடித்த மீனையும் கணவாயையும் சிப்பியையும் சுவை கெடாமல் உறைய வைக்கும் கருவியை வாங்கித் தோக்கியோ வரை விற்கத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். பள்ளியின் கதைக்கு இது வெறும் முன்னுரையன்று. தன் சம்பளத்தை வெட்டிக்கொண்ட நிர்வாகம் பிள்ளைகளுக்காகப் பணம் கேட்டபோது, ஊர் அதற்குச் செவிசாய்த்தது.

2006இல் நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகளிடம் பேசுவதற்காகத் தோக்கியோவிலிருந்து வந்தவர்களில் ஒருவர் இவாமோட்டோ யூ. சோனி நிறுவனத்தில் பணியாளர் பயிற்சிப் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டிருந்த இளைஞர். பள்ளியைக் காப்பாற்ற வழி சொல்லும்படி ஊரார் அவரிடம் கேட்டார்கள். அவர் வேலையை விட்டுவிட்டுத் தீவிலேயே குடியேறினார். 2008இல் மூன்று தீவுகளின் உள்ளாட்சித் தலைவர்களும், அவைத் தலைவர்களும், நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியர்களும், உயர்நிலைப் பள்ளியும் ஒன்றாக அமரும் ஓர் அமைப்பு உருவானது. அதன் பெயரில் 'காப்பாற்றுதல்' என்ற சொல் இல்லை. 'மிர்யோகுகா', அதாவது ஈர்ப்புடையதாக்குதல் என்ற சொல்தான் இருந்தது. மூடாதீர்கள் என்று மாகாணத்திடம் மனுப் போடும் வழியை விட்டு, பிள்ளைக்கே வந்து சேரத் தோன்றும் பள்ளியாக மாற்றும் வழியை அவர்கள் எடுத்ததை அந்த ஒரு சொல் காட்டிவிடுகிறது.

உள்ளாட்சியின் ஆள் மாகாணப் பள்ளிக்குள் நுழைந்து யோசனை சொல்வது ஜப்பானிய நிர்வாகத்தில் வழக்கமில்லாத ஒன்று. ஏற்கெனவே பற்றாக்குறையில் இருக்கும் ஆசிரியர்களுக்கு அது கூடுதல் சுமையாகவும் தோன்றும்; அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஒருங்கிணைப்பாளர் என்ற பெயரில், ஊர்ப் பணத்தில் சம்பளம் பெறும் ஒருவருக்கு ஆசிரியர் அறையிலேயே ஒரு மேசை என்ற ஏற்பாடு மெல்ல மெல்ல நிலைபெற்றது. ஒரு மேசை என்பது சிறிய பொருள். ஆனால் படகுக்காரரிடம் பேச வேண்டிய ஆசிரியரும், பள்ளியிடம் ஒன்று கேட்க நினைக்கும் மீனவரும் போய் நிற்க ஓர் இடம் அதனால் கிடைத்தது. தலைமையாசிரியர் மாறிப் போனாலும் பணி அறுபடாமல் இருந்ததற்கு அந்த மேசையே காரணம் என்று நான் கருதுகிறேன்.

முதல் திருப்பம் 2009இல் மாணவர்களிடமிருந்து வந்தது. உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் தம் ஊருக்கான சுற்றுலாத் திட்டத்தை வகுத்துப் போட்டியிடும் தேசிய அளவிலான போட்டி ஒன்று அந்த ஆண்டு முதன்முறையாக நடந்தது. ஓகியில் செங்குத்தான கடற்பாறைகள் உண்டு, பேரரசரின் நினைவிடம் உண்டு, குன்றுச் சரிவில் மேயும் மாடுகளும் குதிரைகளும் உண்டு. படத்துக்கு ஏற்ற காட்சிக்குப் பஞ்சமில்லை. ஆனால் டோசென் மாணவர்கள் வகுத்த திட்டத்தில் பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியல் முன்னே நிற்கவில்லை. வருகிறவர் தீவின் மனிதர்களைச் சந்திக்க வேண்டும், அவர்களோடு சேர்ந்து வேலை செய்ய வேண்டும், பேச வேண்டும், திரும்பிப் போகும்போது நினைவில் கொண்டுபோகும் முகங்கள் சில இருக்க வேண்டும் என்பதே திட்டம். 'ஹிட்டோட்சுனாகி' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். 'ஹிட்டோ' என்றால் மனிதர், 'சுனாகி' என்றால் இணைப்பு. அது அந்தப் போட்டியின் தலைசிறந்த பரிசை வென்றது. காகிதத்தோடு நிற்காமல், வெளியூர் மாணவர்களை வரவழைத்து அந்தப் பயணத்தை நடத்தியும் காட்டினார்கள். பின்னர் அதுவே பள்ளியில் ஒரு மன்றமாக நிலைத்தது.

நகரத்தில் இருப்பது தம்மிடம் இல்லை என்றே கேட்டு வளர்ந்த பிள்ளைகள், நகரத்துப் பிள்ளைக்குக் கிடைக்காத ஒன்று தம்மிடம் இருப்பதைக் கண்டுகொண்டது அப்போதுதான். 2011இல் அமா பேரூராட்சி தனக்கென ஒரு வாசகத்தை எடுத்துக்கொண்டது: 'நை மோனோ வ நை'. அதைத் தமிழில் சொல்ல எந்தச் சிரமமும் இல்லை. 'இல்லாதது இல்லை' என்றால் போதும். ஜப்பானிய மொழியில் இருக்கும் இரு பொருளும் தமிழிலும் அப்படியே வருகின்றன. இல்லாத பொருள் இங்கே இல்லைதான், அதற்கென்ன என்பது ஒன்று. வாழ்வுக்கு வேண்டியதில் இங்கே இல்லாதது எதுவும் இல்லை என்பது மற்றொன்று. இருபத்து நான்கு மணி நேரக் கடை ஒன்றுகூட இல்லாத ஊர் அதை வெட்கப்படாமல் சொல்லிக்கொண்டது. பள்ளியில் மாணவர்கள் முன்பே செய்து காட்டியதை ஊர் வாசகமாக்கிக்கொண்டதாகவே எனக்குப் படுகிறது.

2010இல் இரண்டு காரியங்கள் தொடங்கின. ஒன்று, ஓகி நோ குனி கற்றல் மையம். ஜப்பானில் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வுக்குத் தனிப்பயிற்சி நிலையம் ஏறத்தாழக் கட்டாயம் போல ஆகிவிட்டது. தீவில் அத்தகைய நிலையம் இல்லை என்பது பிள்ளைகளை வெளியே அனுப்பப் பெற்றோர் சொன்ன காரணங்களில் ஒன்று. உள்ளாட்சி தானே ஒரு பயிற்சி நிலையத்தைத் திறந்து, பள்ளி ஆசிரியர்களோடு கலந்து பேசி நடத்தியது. பாடப் பயிற்சியோடு 'யுமே செமி', அதாவது கனவு வகுப்பு என்ற ஒன்றும் அங்கே உண்டு. எந்தக் கல்லூரி என்ற கேள்விக்கு முன்பாக, என்ன செய்ய விரும்புகிறாய், அதற்கும் இந்தத் தீவுக்கும் என்ன தொடர்பு என்று ஒவ்வொரு பிள்ளையும் பேசிப் பார்க்கும் வகுப்பு அது.

மற்றொன்று, 'ஷிமா ரியூகாகு' என்னும் தீவுக் கல்விப் பயணம். வெளிநாட்டுக்குப் படிக்கப் போவதைக் குறிக்கும் 'ரியூகாகு' என்ற சொல்லைத் துணிந்து தீவுக்குப் பொருத்தி, நாட்டின் எந்தப் பகுதியிலிருந்தும் 15 வயதுப் பிள்ளைகள் வந்து மூன்றாண்டு தங்கிப் படிக்கலாம் என்று அழைத்தார்கள். தோக்கியோவிலும் ஒசாகாவிலும் அறிமுகக் கூட்டங்கள் நடத்தினார்கள். இங்கே ஊரில் ஒரு நியாயமான கேள்வி எழுந்தது: கடனில் இருக்கும் ஊர், தன் வரிப்பணத்தை நகரத்துப் பிள்ளைகளுக்கு ஏன் செலவிட வேண்டும்? நகரத்துப் பிள்ளைகள் வந்து முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டால் நம் பிள்ளைகள் ஓரம் போய்விட மாட்டார்களா? இந்தக் கேள்வியைப் பேச்சால் தீர்க்க முடியாது. 'ஷிமா ஓயா', அதாவது தீவுப் பெற்றோர் என்ற ஏற்பாடுதான் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்தது. விடுதியில் தங்கும் வெளியூர்ப் பிள்ளைக்குத் தீவில் ஒரு குடும்பம் துணையாக இருக்கும். வாரக் கடைசியில் சோற்றுக்கு அழைப்பார்கள். நடவுக்கும் அறுப்புக்கும் கூட்டிப்போவார்கள். படகில் ஏற்றிச் சென்று மீன் பிடிக்கவும், பிடித்ததை அறுத்துக் கழுவவும் சொல்லிக்கொடுப்பார்கள். நகரத்துப் பிள்ளை என்று பொதுவாகப் பேசிக்கொண்டிருந்த வீட்டில் ஒரு பெயரும் ஒரு முகமும் சாப்பாட்டு மேசைக்கு வந்தபின், வரிப்பணத்தைப் பற்றிய கேள்வியின் தொனி மாறிவிடுகிறது.

பள்ளியின் அன்றாடம் கடலோடு பிணைந்தது. நிஷினோஷிமாவிலும் சிபுரியிலும் வாழும் பிள்ளைகள் தீவுகளுக்கிடையே ஓடும் படகில் வருகிறார்கள். மாலைப் பயிற்சி எத்தனை மணிக்கு முடிய வேண்டும் என்பதைப் படகின் நேரம் முடிவுசெய்கிறது. ஆள் நிறைய வேண்டாத விளையாட்டு என்பதால் மல்யுத்தம் இங்கே வேரூன்றியிருக்கிறது. விடுதிப் பிள்ளைகள் துணி துவைப்பதிலிருந்து தமக்குள் வரும் சண்டையைத் தீர்ப்பது வரை தாமே பார்த்துக்கொள்கிறார்கள். பாடத்திட்டத்தில் ஊரையே பாடமாகக் கொண்ட வகுப்புகள் சேர்க்கப்பட்டன. குழுவாகப் பிரிந்து தீவின் ஏதேனும் ஒரு சிக்கலை எடுத்துக்கொண்டு, தொடர்புடையவர்களை நேரில் கண்டு பேசி, தாம் கண்ட வழியை ஊரார் முன்னிலையில் சொல்ல வேண்டும். இரண்டாம் ஆண்டில் சிங்கப்பூர் சென்று அங்குள்ள பல்கலைக்கழக மாணவர்களிடம் தம் தீவைப் பற்றி ஆங்கிலத்தில் எடுத்துரைக்கும் பயணமும் ஏற்பட்டது. பெருநகரத்துப் பள்ளியில் 300 பேரில் ஒருவராக ஒளிந்துகொள்ளும் பிள்ளை, இங்கே ஒளிய முடியாது. விழா வந்தாலும் போட்டி வந்தாலும் ஒவ்வொருவர் கையிலும் ஏதேனும் ஒரு பொறுப்பு விழுந்தே தீரும்.

2012இல் 59 பேர் சேர்ந்தார்கள். புது வகுப்பு மீண்டும் இரண்டு பிரிவுகளானது. 2014இல் மூன்று ஆண்டுகளிலும் இரண்டு பிரிவுகள். 2016ஐ ஒட்டி மொத்த மாணவர் எண்ணிக்கை 180ஐ எட்டியது. பிரிவு கூடியதால் ஆசிரியர் பணியிடங்களும் கூடின. உள்ளூர்ப் பிள்ளைகளில் பெரும்பாலோர் மீண்டும் உள்ளூர்ப் பள்ளியையே தேர்ந்தெடுத்தார்கள். வெளியூர் மாணவர் வருகையைவிட இதையே நான் பெரிய செய்தியாகக் கருதுகிறேன். 2017இல் இவாமோட்டோவும் பிறரும் சேர்ந்து ஓர் அறக்கட்டளையை நிறுவினார்கள். அடுத்த ஆண்டு அதன் வழியாக நாடெங்கும் உள்ள சிற்றூர்ப் பள்ளிகளுக்கு வெளி மாகாண மாணவர்களை அழைத்துவரும் திட்டம் தொடங்கியது. இன்று அதில் பங்கேற்கும் பள்ளிகள் நூறைத் தாண்டிவிட்டன.

அந்தப் பரவல் எனக்கு மகிழ்ச்சியோடு கவலையும் தருகிறது. ஜப்பானில் 15 வயதுப் பிள்ளைகளின் எண்ணிக்கை ஆண்டுதோறும் குறைந்துகொண்டே வருகிறது; நூறு பள்ளிகள் அதே பிள்ளைகளை அழைத்தால் ஓர் ஊரின் ஆதாயம் இன்னோர் ஊரின் இழப்பாக முடியக்கூடும். டோசெனின் வரிசையைக் கவனிக்க வேண்டும். சம்பளக் குறைப்பு முதலில் வந்தது. பிறகு மூன்று தீவுகளும் ஒன்றாக அமர்ந்தன. பிறகு மாணவர்கள் தம் ஊரைத் தாமே கண்டுகொண்டார்கள். வெளியூர்ப் பிள்ளைகளுக்கான அழைப்பு அதற்குப் பின்னர்தான் போனது. கடைசிப் படியை மட்டும் எடுத்துக்கொண்டு விளம்பரம் செய்யும் ஊர், தனக்கு ஆகாத பிள்ளையை எங்கேனும் அனுப்பிவிட நினைக்கும் பெற்றோருக்கு ஒரு விடுதியாக மட்டும் முடியும் அபாயம் உண்டு. ஒருங்கிணைப்பாளரின் சம்பளமும் கற்றல் மையத்தின் செலவும் சிறிய உள்ளாட்சிகளின் தலையில் தொடர்ந்து இருப்பதும் எளிதில் தீராத சிக்கல்.

படித்து முடித்தவர்கள் திரும்பி வருகிறார்களா என்பதை எல்லாரும் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான்; ஆனால் 18 வயதில் போகும் பிள்ளையைத் தடுத்து வைக்க இந்தப் பள்ளி முயலவில்லை. வெளியே போய்ச் சாதித்துவிட்டு முதுமையில் ஊருக்குத் திரும்புவது என்ற பழைய எண்ணத்தை மாற்றி, ஏதேனும் ஒன்றைச் சாதிப்பதற்காகவே ஊருக்குத் திரும்பலாம் என்ற எண்ணத்தைப் பிள்ளை மனத்தில் விதைத்து அனுப்புவதே அவர்கள் வகுத்துக்கொண்ட வழி. அந்த விதை முளைக்கப் பத்தாண்டும் ஆகலாம், இருபதாண்டும் ஆகலாம்.

மார்ச் மாதத்தில் ஹிஷிஉரா துறையில் கப்பல் புறப்படும்போது, மேல்தளத்தில் நிற்கும் மாணவர்களும் மாறுதலில் போகும் ஆசிரியர்களும் பல வண்ணக் காகித நாடாச் சுருள்களைக் கரைக்கு வீசுகிறார்கள். ஒரு முனை கப்பலில் நிற்பவர் கையில், மறு முனை கரையில் நிற்பவர் கையில். போகிறவர் சொல்லும் 'இத்தெகிமாசு' என்ற ஜப்பானியச் சொல்லுக்குத் தமிழில் நேர்ச்சொல் தேட வேண்டியதில்லை. போய் வருகிறேன் என்றுதான் அதற்குப் பொருள். கப்பல் விலக விலக நாடாக்கள் நீண்டு, இழுபட்டு, ஒவ்வொன்றாக அறுகின்றன. கரையில் நிற்பவர்கள் அறுந்த முனைகளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வீடு திரும்புகிறார்கள். ஏப்ரலில் பள்ளி திறப்பதற்கு முன்பு, புதிய பிள்ளைகளை எதிர்கொள்ள அதே துறைக்கு அவர்கள் மறுபடியும் வர வேண்டும்.